கட்டைவிரலுக்கு ஒரு பாட்டு

நாமக்கல்லில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையைப் பாட்டுப் பதிவு செய்யும் இடமாக மாற்றியபோது, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டுவதற்கு முட்டை அட்டை கேட்டு ஒரு கோழிப்பண்ணைக்காரரிடம் போனேன். நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன் என்று தெரிந்ததும், அட்டைகளோடு அவரும் வந்துவிட்டார். யூடியூபில் பாட்டுச் சேனல் தொடங்குவது அவருடைய நெடுநாள் ஆசை.

என்னிடம் ஒரு காதல் பாட்டு இருந்தது. புல்லாங்குழலில் மெதுவாகத் தொடங்கி, பல்லவிக்கு வரவே ஒரு நிமிடம் ஆகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, இந்தக் கொழலு எப்ப முடியுமுங்க?” என்றார்.

மறுநாள் பண்ணைக்கு அழைத்துப்போனார். முட்டை ஏற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்களின் போன்களில் என் பாட்டைப் போடச் சொன்னார். “மூஞ்சியப் பாக்காதீங்க, கட்டவெரலப் பாருங்க” என்று என் காதில் சொன்னார். குழல் தொடங்கியதும் எல்லாக் கட்டைவிரலும் ஒன்றாக எழுந்து பாட்டைத் தள்ளிவிட்டன. அவ்வளவு தாளச்சுத்தமாக எங்கள் கச்சேரிக் குழுகூட வாசித்ததில்லை.

குழலை எடுத்தேன். அடுத்த சோதனையில் இரண்டாம் சரணம் போனது, அப்புறம் முதல் சரணமும். மிச்சமிருந்த பல்லவியை உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தபோது என் மனைவி கதவைத் திறந்தாள்.

“ஏனுங்க, சோறு ஆறிப்போச்சுங்க. உருகுனது போதும், ஊட்டுக்குள்ள வாங்க.”

பதிவு கெட்டுவிட்டதே என்று அழிக்கப் போனேன். பண்ணைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட்டே இதுதானுங்க” என்றார்.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் மேளத்தை வைத்து வெளியிட்டோம். மினிபஸ்ஸில் ஓடியது, மண்டபங்களில் ஓடியது. சந்தையில் என் மனைவி ‘ஏனுங்க’ என்று என்னைக் கூப்பிட்டால், தக்காளிக்காரர் மீதியைப் பாடினார். அவள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு முதுகில் தட்ட ஆரம்பித்தாள். எடப்பாடிப் பக்கம் தறிக்காரர் ஒருவரும் தன் மனைவி திட்டுவதை மெட்டாக்கினார். பிறகு சேனலுக்குச் சேனல் மனைவிமார்கள் திட்டினார்கள்.

“நமக்கு இன்னும் காரமா வேணுமுங்க” என்றார் பண்ணைக்காரர்.

வீட்டில் அத்தனை சரளமாகத் திட்டுகிற என் மனைவி, மைக்கின் முன்னால் நின்றதும் பள்ளிக்கூட விழாவில் வரவேற்புரை வாசிப்பவளைப்போலப் பேசினாள். கோபம் வரட்டும் என்று ஈரத்துண்டை அவள் கண்முன்னேயே மெத்தையில் போட்டேன். வெளியாள் பார்க்கிறாரே என்று புன்னகையோடு எடுத்து மடித்து வைத்தாள்.

எப்படித் திட்டுவது என்று காட்டுவதற்காகப் பண்ணைக்காரர் தன் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாள் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

“இத்தன அட்டையும் நம்ம பண்ணையிலிருந்து வந்ததுங்களா?”

பண்ணைக்காரர் தலையாட்டினார். அங்கே தொடங்கியது.

“கோழி சுருண்டு உழுந்தா டாக்டருக்குப் போன் போட நேரமில்லீங்க. பாட்டுக் கேக்க மட்டும் நேரமிருக்குதுங்களா? கையாலாகாத மனுசனுக்கு வாக்கப்பட்டு...”

மூச்சு விடாமல் போனது. நானும் என் மனைவியும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். என் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் பதிவாகியிருந்தது. அந்த அம்மாள் போனபிறகு அவர் இரண்டுமுறை போடச் சொல்லிக் கேட்டார்.

“சந்தையில இதுதானுங்க போகும்” என்றார், முட்டை விலை சொல்லும் அதே குரலில். “அந்தக் கையாலாகாதங்கற எடத்துல மட்டும் மேளத்தக் கொஞ்சம் தூக்கி உட்ருங்க.”

முடிந்தமட்டும் தூக்கிவிட்டேன். அந்த அம்மாளின் குரல் அதையும் தாண்டிக் கேட்டது.