கார்த்திகை மாதத்து உளுந்து

இதைக் கட்டுக்கதை என்பவர் என்னோடு வந்து அந்தக் கரை ரோட்டில் ஒரு தடவை கார் ஓட்டட்டும். அப்புறம் பேசலாம். ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை, மல்லிகைப்பூ வாசனையும் இல்லை. போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்கு நடந்தது. நான் குடிப்பவனும் இல்லை.

என் பெயர் இனியவன். தஞ்சாவூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். அங்கே பஞ்சநதம் என்று ஒரு பெரிய பண்ணைக்காரர். அவர் வயலில்தான் என் அப்பா ரெத்தினம் இருபது வருடம் உழைத்தார். வயல் வேலை முடிந்தால் வீட்டு வேலை. கார் கழுவுவதும் அவர்தான்.

1993-இல் பஞ்சநதத்தின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை இறக்கிக் கொடுத்தார். வெள்ளை நிறம். இரண்டே கதவு. முன் விளக்குகள் பானெட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும். எட்டு வயதில் நான் அந்த விளக்கை ஒரு விரலால் தொட்டேன். பஞ்சநதம் விட்டார் பாருங்கள் ஒரு அறை! அப்பா ஈரத்துணியோடு பக்கத்திலேயே நின்றார். என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

முப்பது வருடம் கழித்து அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. புரோக்கர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது. படத்தைப் பார்த்ததும் என் கன்னம் சுட்டது. வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். ஓட்டுவதற்கு இல்லை. அது எங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அதன் மேல் என் மகள் ஏறிக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அப்பாவிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அந்தக் காரா? வேணாம்டா."

"ஏம்ப்பா?"

"வேணாம்னா விடேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னமும் அந்தாளுக்குப் பயந்துக்கிட்டே கெட" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.

11.40-க்குப் பஞ்சநதம் வீடு. கிழவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை.

"ரெத்தினம் மவனா நீ? ஆளாயிட்ட போல" என்றார். சாவியை நீட்டினார். "ஓட்டிப் பாரு. மெயின் ரோட்டுலயே போயிட்டு வந்துரு. கரை ரோட்டுப் பக்கம் போவாத."

"ஏங்க?"

"சொன்னா கேளு."

கேட்பேனா? வீதி திரும்பியதும் நேராகக் கரை ரோட்டுக்குத்தான் விட்டேன்.

ஆள் மேல் உள்ள கோபம் வேறு, வண்டி வேறு. முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. சீட்டில் ஒரு தையல் விடவில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்து போகிற வண்டி அது. பள்ளியில் என்னோடு படித்தவன் எவனாவது எதிரே வந்து பார்க்க மாட்டானா என்று இருந்தது.

12.08. ஒரு பக்கம் குடமுருட்டி ஆறு. மறுபக்கம் சம்பா நடவு, வயல் முழுக்கத் தண்ணீர். விடியற்காலை மழை பெய்து ரோடு கழுவிவிட்டது போலக் கிடந்தது. ஆள் நடமாட்டமே இல்லை.

12.11. பட்.

டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

பட்... பட்பட்... பட்.

இறங்கினேன். நான்கு டயரையும் தடவிப் பார்த்தேன். குனிந்து அடியிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தேன். சக்கரம் உருண்டால் சத்தம், நின்றால் இல்லை. சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன வியாதி என்று சொல்கிறவன் நான். ஆனால் இது வண்டிச் சத்தமே இல்லை.

அப்புறம் பிடிபட்டது. அது உளுந்து.

எங்கள் பக்கம் பங்குனியில் உளுந்து பறிப்பார்கள். காய்ந்த செடியை ரோட்டில் பரப்பி வைப்பார்கள். போகிற வருகிற வண்டி அதன் மேல் ஏறினால் நெற்று வெடித்துப் பருப்பு உதிரும். ஓரமாக ஒருத்தி நின்று 'ஏத்துங்க, ஏத்துங்க' என்று கை காட்டுவாள். ஒதுங்கிப் போனால்தான் திட்டு விழும். டயருக்கு அடியில் நெற்று வெடிக்கிற சத்தம் இதேதான்.

ஆனால் கார்த்திகையில் ஏது உளுந்து?

ரோட்டைப் பார்த்தேன். ஈரம் மட்டும்தான்.

ஏசியிலிருந்து தூசி வாசனை வந்தது. காய்ந்த செடித் தூசி. கழுத்து அரிக்க ஆரம்பித்தது.

12.16. 'கிர்ர்...' என்று முன் விளக்கு இரண்டும் எழுந்து நின்றன. நான் சுவிட்சைத் தொடவில்லை.

12.17. வளைவு திரும்பினேன்.

ரோடு அடைத்துச் செடி கிடந்தது. ஓரத்தில் ஒரு பெண். பச்சைப் புடவை. தலையில் துண்டு. அதன் நிழலில் முகம் தெரியவில்லை.

கை காட்டினாள். வா... வா... ஏத்து.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பயமே இல்லை. கை காட்டினால் ஏற்றுவோம். எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் அங்கே பிரேக் மேல் கால் போகாது.

ஏற்றினேன்.

படபடபடவென்று வெடித்தது.

நடுவில்... ஒரு மேடு.

செடி இல்லை அது. முன் சக்கரம் ஏறி இறங்கியது.

அடியில் ஏதோ இழுபட்டது.

பின் சக்கரமும்... ஏறி இறங்கியது.

பிரேக் அடித்தேன். கண்ணாடியில் பார்த்தேன்.

ரோட்டில் ஒரு செடி இல்லை.

அவள் மட்டும் நின்றாள்.

என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிற வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் எந்த வண்டியும் இல்லை.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. வேறு வழியாகச் சுற்றி வந்திருக்கிறேன். 12.50-க்குச் சாவியைப் பஞ்சநதத்தின் பக்கத்தில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கரை ரோட்டுக்குப் போனியா?"

வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"உனக்கு முன்னாடி நாலு பேரு இப்படித்தான் வச்சுட்டுப் போனானுவ" என்றார், ஏதோ மாடு விலை படியவில்லை என்பது போல.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். காலருக்குள்ளிருந்து உளுந்து நெற்றுத் தோல் கொட்டியது. அப்பா பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பச்சைப் புடவையா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"அம்சம்னு பேரு. அசலூருலேருந்து கூலிக்கு வந்த பொம்பள. தொண்ணூத்தி நாலு, பங்குனி. வண்டிக்குக் கை காட்டி விடுற வேலை அவளுக்கு. வெயிலு தாங்கல போலருக்கு. செடிக்குள்ளயே படுத்து, வெயிலு படாம ரெண்டு கை செடிய மேல இழுத்துப் போட்டுக்கிட்டா. யாருக்கும் தெரியாது. அந்தி மசங்குனப்புறம் செடிய ஒதறையிலதான் தெரிஞ்சிச்சு."

"அந்தக் காரா?"

"மறுநா கழுவச் சொன்னாரு. அடியில பச்சைத் துணி சிக்கியிருந்துச்சு. முடியும் இருந்துச்சு. நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. 'நீ எதையும் பாக்கல'ன்னாரு."

"நீயும் வாய மூடிக்கிட்டியாக்கும்!" என்று கத்தினேன். முப்பது வருடத்துக் கோபம். "ஒரு உசுருப்பா! போலீஸ்ல சொல்றதுக்கென்ன? அப்படி என்ன பயம் உனக்கு?"

அப்பா தலை நிமிரவில்லை.

"அவரு மட்டுமா ஏத்துனாரு? டிராக்டரு ஏறுச்சு, டவுன் பஸ்ஸு ஏறுச்சு. எதுல போனாளோ. நாலு மணிக்கு உன்னப் பள்ளிக்கூடத்துலேருந்து டிவிஎஸ்ல முன்னாடி நிக்க வச்சுக் கூட்டியாந்தேன். வண்டி தூக்கிப் போட்டுச்சு. நீ கையத் தட்டிச் சிரிச்ச. திரும்பப் போயி இன்னொரு வாட்டி ஏத்துப்பான்னு அடம் புடிச்ச."

கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

"ஏத்துனியாப்பா?"

"ஏத்துனேன்."