ஜான்சி கொண்டுபோன வெள்ளைச் சட்டை

தாம்பரத்தில் என் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஜான்சி டைப் அடிக்கிறாள். நான் வக்கீல். இந்த வட்டாரத்து ஜாமீன் மனுக்களில் பாதி அவள் கைவழியாகத்தான் போகின்றன. செக்‌ஷன் எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்தால், "சார், அது பழைய சட்டம். இப்ப நம்பர் மாறிடுச்சு" என்பாள். எரிச்சலாக வரும். ஆனால் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

கைதானவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்த வரிகளைத் தூக்கத்தில் எழுப்பினாலும் அடிப்பாள்.

அவள் புருஷன் டேனியலுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவரை, செம்புக் கம்பித் திருட்டு விசாரணை என்று நாலு பேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூட வேலை செய்யும் ஜெபகுமார்தான் ஜான்சிக்குப் போன் செய்து சொன்னார். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "அப்டி யாரும் இங்க இல்லம்மா" என்றார்கள். டேனியலின் சாப்பாட்டுப் பை ரைட்டர் மேஜைக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்தாள்.

செவ்வாய் முழுக்க ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது, "உள்ள இருமுற சத்தம் கேட்டுச்சு சார். அவர்தான்" என்றாள். அவர்கள் வீட்டருகே முடிச்சூரில் கம்பெனி பஸ் நிற்கும் நேரம் நெருங்கியதும் எழுந்து ஓடினாள். ஒருவேளை விட்டிருப்பார்களோ, அந்த பஸ்ஸில் வந்து இறங்குவாரோ என்று. வேறு யார் யாரோ இறங்கினார்கள்.

நான் ஆட்கொணர்வு மனுவைத் தயார் செய்து, புதன்கிழமை காலை ஹைகோர்ட்டுக்குக் கிளம்ப இருந்தேன். அதற்குள் ஒரு ஏட்டு அவளைக் கூப்பிட்டார்.

"கோர்ட்டுக்கு இட்டுகினு போறோம். நல்ல சட்டையா ஒண்ணு எட்த்துகினு வா. அஞ்சு நிமிசம் பாத்துக்கலாம்."

அவள் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி, கூடவே ஷேவிங் செட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். சாட்சி சொல்ல ஜெபகுமாருக்குப் பயம். இரண்டு நாள் தாடியையும் கிரீஸ் அப்பிய யூனிஃபாரத்தையும் விட்டால் எனக்கு வேறு சாட்சி ஏது? முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைக்காததற்கு இன்றைக்கும் என் மேல் எனக்கே கோபம்.

விஷயம் தெரிந்து நான் கோர்ட்டுக்கு ஓடியபோது டேனியல் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்றார். கைது இன்று காலை ஆறு மணிக்கு, முடிச்சூர் பஸ் ஸ்டாப்பில் என்றது போலீஸ் காகிதம். நான் எழுந்து, திங்கட்கிழமையே பிடித்துப் போனார்கள் என்றேன். மாஜிஸ்ட்ரேட் டேனியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரையே கேட்டார்.

"உங்களை எப்ப பிடிச்சாங்க?"

டேனியல் ஜான்சியைப் பார்த்தார். "இன்னிக்கி காலைலதாங்கய்யா."

"ஏதாவது குறை இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்கய்யா."

பதினைந்து நாள் ரிமாண்ட். "இல்லீங்கய்யா, திங்கக்கெழமைங்க!" என்று ஜான்சி பின்னாலிருந்து கத்தினாள். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை கிளைச் சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். டேனியலின் ஜாமீன் மனுவை அவளேதான் அடித்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாராம் என்று கேட்டேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"காலைலன்னு சொன்னா சாயங்காலமே வுட்டுர்றோம்னு சொன்னாங்களாம் சார். இவர் நம்பலையாம். அப்பறம் நான் சட்டைய குடுத்தனா? அத பாத்ததும் நெசமாவே வூட்டுக்கு இட்டுகினு போவத்தான் வந்துகீறேன்னு நெனச்சிட்டாராம்."

மறுபடியும் கீபோர்டில் கை வைத்தாள்.

"அயர்ன் பண்றப்ப நானும் அப்டித்தான் சார் நெனச்சேன்" என்றாள்.