கறுக்க வைக்கிற அறை

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் நான் வேலை பார்த்த அழகுநிலையத்தில் எனக்கென்று ஒரு திரை இருந்தது. பூப்போட்ட பச்சைத் திரை. அதற்கு முன்னால் நாற்காலிகளும் கண்ணாடிகளும். பின்னால் தலை கழுவும் தொட்டியும் நானும். ஏழு வருஷம் தலை கழுவினேன். புருவம் எடுப்பதில் அந்தக் கடையிலேயே என் கைக்கு ஈடு கிடையாது, ஆனால் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நிற்க அனுமதி இல்லை. "வெளுக்கிற கிரீம் விக்கிற கடையிலே கலாமா முன்னாலே நின்னா யாரு வாங்குவா?" என்று முதலாளியம்மா பர்மியத்தில், என் காதில் விழும்படியே சொல்வாள். கலாமா என்பது அந்த ஊரில் இந்தியப் பெண்களை இழிவாகத் திட்டுகிற பெயர்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். தன் ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். அதற்குமுன் உடம்பு முழுக்கப் பழுப்பு நிறம் ஏற்ற வேண்டுமாம். ஸ்ப்ரே டேன் என்றாள். பாங்காக்கில் மருந்தும் தெளிக்கிற மெஷினும் வாங்கி வைத்திருக்கிறாள், அடித்துவிட ஆள் இல்லை. முதலாளியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் திரையை விலக்கி வெளியே வந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான் செய்றேன்" என்றேன். அவள் என் முன்கையைத் தொட்டுப் பார்த்து, "இதில் பாதி நிறமாவது வருமா?" என்று கேட்டாள்.

முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒருத்தி என் நிறத்தை ஆசைப்பட்டுக் கேட்கிறாள்! திரையை விட்டு வெளியே வந்ததற்காக அன்று சாயங்காலமே வேலை போயிற்று. போகட்டுமே! கிளம்பும்போது அந்தத் திரையை ஓர் இழு இழுத்தேன். வளையங்கள் நாலைந்து தெறித்து விழுந்தன.

தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் வீட்டில் மறைப்பான அறை ஒன்றுதான். அது என் கணவரின் அக்காவுக்கு. அண்ணி விதவை, வீட்டிலேயே வெளுத்தவள், என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காப்பித் தட்டோடு நான் நிற்கும்போதே, "பொண்ணு கறுப்பா இருக்கே தம்பி" என்று முதலில் சொன்ன வாய் அவளுடையது. மருந்து அடிக்க அந்த அறையைத்தான் கேட்டேன்.

"வெளுக்க வைக்கிறேன்னா நாலு பேரு வருவாங்க. கறுக்க வைக்கிறதுக்கு எவடி வருவா?" என்றாள் அண்ணி.

"ஒருத்தி வந்தாச்சு அண்ணி. நீங்க இடம் விடுங்க, மத்தவளுங்க தானா வருவாளுக."

கணவர் நடுவில் புகுந்து பஞ்சாயத்துச் சொன்னார். முதல் வாடிக்கைக்காரி திருப்தியாகப் போனால் அறை எனக்கு. குறை சொன்னால் அக்கா கட்டில் அக்கா அறைக்கே. அண்ணி கட்டிலை ஹாலுக்கு நகர்த்த விட்டாள். ஆனால் தகரப் பெட்டியை மட்டும் மூலையில் அப்படியே வைத்திருந்தாள். "எப்படியும் திரும்பி வரத்தானே போறேன், அது எதுக்கு அங்கேயும் இங்கேயும்" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தேன்.

அண்ணியின் கொசுவலைக் கம்புகள் நாலையும் நிறுத்தி, மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டினேன். தரையில் பழைய செய்தித்தாள். புகைபோல் பறக்கும் மருந்தை வெளியே தள்ள, ஜன்னலில் மேசை விசிறியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தேன். தெளித்தபின் உடுத்திக்கொள்ளத் தொளதொளவென்று கறுப்பு லுங்கி இரண்டு. பழகுவதற்கு, அந்த வெள்ளைக்காரப் பெண் முன்னதாகவே கொடுத்துவிட்டுப் போன மெஷினில் தேயிலைத் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் தலையணை உறைகள் மேல் அடித்தேன். பிறகு கணவரை நிற்க வைத்து அவர் முதுகில் அடித்தேன். "குளிருதுடி, வேற ஆளே கிடைக்கலையா?" என்று புலம்பினாலும் நான்கு நாள் நின்றார், பாவம்.

அந்தப் பெண் ஊருக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் வந்தாள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் விடும் முறை அன்று மத்தியானம். சரியாகத்தான் செய்தேன்: அளவுக்கு மீறிக் கறுத்துவிடாதபடி முழங்கை, முட்டி, உள்ளங்கை எல்லாம் வாஸலின் தடவி, ஒரே சீராகக் கையை வீசி அடித்தேன். மருந்து ஊறி நிறம் பிடிக்க எட்டு மணி நேரம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அவளை லுங்கி கட்டி ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பக் கொல்லைக்கு ஓடினேன். ரங்கூனில் கரண்டும் தண்ணீரும் ஒன்றாகத்தான் வரும், ஒன்றாகத்தான் போகும்.

திரும்பி வந்தால், அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் வட்டமாக ஈரத் தனகா! அந்த ஊரில் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மரப்பட்டையைக் கல்லில் அரைத்துக் கன்னத்தில் பூசிவிடுவது பிரியத்தின் அடையாளம். கல்லை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் பெரியவர்களிடம் மறுக்கக் கூடாதென்று கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அய்யய்யோ! என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி!"

"பால் மாதிரிப் பொண்ணுடி. இப்படிக் கரியாக்கி வச்சிருக்கே. கல்யாணத்துக்குப் போற புள்ள. மனசு கேக்கல, கொஞ்சமாவது வெளுக்கட்டும்னு பூசுனேன்."

"அறையைத் திரும்பப் பிடிக்கத்தானே இந்த வேலை?" என்று கத்தினேன். "அறையா? நான் அதை நினைக்கவே இல்லையேடி" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, வஞ்சம் இல்லை. அவள் நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டிருக்கிறாள். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. என் நிறம் வந்தவளைப் பார்த்தால் இவளுக்கு இரக்கம் வருகிறது, பாருங்கள்.

தனகாவை ஒற்றி எடுத்தேன். மருந்து பாதி ஊறியிருக்கும், பாதி தனகாவோடு வந்துவிட்டிருக்கும். அதன்மேல் அடித்தால் திட்டுத்திட்டாகிவிடும். நாளைக் காலை வா, சரிசெய்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். மருந்தை மட்டும் விட்டுவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு போனாள். மருந்தை எந்த அளவு நீர்த்துப் பூசினால் எந்த நிறம் வரும் என்று எனக்குத் தெரியாது. என் தோலில் பூசிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கணவர் தோலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன். அறை போனது, மெஷினும் போனது. நன்றாக வந்தால் மெஷினை எனக்கே விட்டுப்போவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். ரவிக்கைக் கையைச் சுருட்டி, வெள்ளை முன்கையை நீட்டினாள்.

"இதிலே பூசிப் பாரு."

"ஒரு வாரம் போகாது அண்ணி."

"போகலேன்னா போகட்டும். பூசுடி."

அந்தக் கையில் நாலு கட்டம் பூசினேன், நாலு அளவில். காலையில் அந்தப் பெண் இரண்டு அப்பளம் ஒட்டினாற்போல வெளிறிய கன்னங்களோடு வந்தாள். அண்ணி கையை அவள் கழுத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து, மூன்றாவது கட்டத்து அளவை எடுத்தேன். பஞ்சால் ஒற்றி, ஓரங்களைப் பிரஷ்ஷால் இழைத்துவிட்டேன். மறுநாள் விமானத்துக்குப் போகிற வழியில் அவள் மெஷினோடு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தனகா இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தோழிகளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, மெஷினை அண்ணியின் தகரப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை அண்ணியோடு நானும் கோயிலுக்குப் போனேன். அவள் கும்பிடக் கை தூக்கியதும் முந்தானை விலகி நாலு பழுப்புக் கட்டமும் தெரிந்தன. பக்கத்தில் நின்றவள், "ஐயோ, என்னக்கா கையிலே? வியாதியா?" என்றாள்.

"வியாதியா? வாயைக் கழுவுடி" என்றாள் அண்ணி, பிராகாரம் முழுக்கக் கேட்கும்படி. "வெள்ளைக்காரி தேடி வந்து கேக்குற நிறம் இது. என் தம்பி பொண்டாட்டி நிறம். வேணும்னா வீட்டுக்கு வந்து வரிசையிலே நில்லு."

நான் சாமியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணி மெஷினை இறக்கி வைத்துவிட்டு, தகரப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.