மணிமொழியின் பாதி

கருணாகரன் செத்த அன்று மணிமொழியைப் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள். இருபது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். தாலி கட்டாதவள் தலைமாட்டில் உட்காரக் கூடாதென்றாள் அவன் தம்பி பொண்டாட்டி உமாராணி. அந்த வீட்டில் பாதி மணிமொழியுடையது என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சுரங்கத்தில் அவன் பெர்மனென்ட். கேன்டீனில் அவள் கான்ட்ராக்ட். அவள் சாதியில் பெண் எடுத்தால் தூக்கில் தொங்குவேன் என்று திருநெல்வேலியிலிருந்து அவன் அம்மா சொல்லியனுப்பினாள். அம்மா போன பிறகும் அவன் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் கேட்டு அலுத்துவிட்டாள். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸை விடவேண்டுமே என்றுதான் வடலூர் சாலையில் வீடு வாங்கினார்கள். ஆளுக்குப் பாதி போட்டு, இரண்டு பேர் பெயரிலும். பத்திரம் எழுதியவர் கணவர் பெயர் கேட்டபோது அவள் அப்பா பெயரைச் சொன்னாள். உங்கள் பாதிக்கு ஓர் உயில் எழுதிவிடுங்கள் என்று கருணாகரனிடம் சொன்னார் அவர். அவன் சிரித்தான். பி.எஃப்., இன்சூரன்ஸ், வங்கி எல்லாவற்றிலும் அவள்தான் நாமினி. வீட்டுக்கும் அது போதுமென்று நம்பினான். வீட்டுக்கு ஏது நாமினி.

அவன் பாதி தம்பி சிவக்குமாருக்குப் போயிற்று. கருமாதி முடிந்ததும் அவளைக் காலி செய்யச் சொன்னான். அவள் நகரவில்லை. உள்ளே ஒருத்தி இருக்கிற பாதி வீட்டை வாங்க ஆளும் வரவில்லை. பிறகு ஒருநாள் சிவக்குமார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான்.

"மதினி, ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். முழுசா வித்துப் பாதியாப் பிரிச்சுக்கிடலாம்."

அவள் பழப்பையைத் தொடவில்லை.

"அன்னிக்குப் பொணத்துக்கிட்ட ஒக்காரக் கூடாதவ, இன்னிக்கு மதினியா? பத்திரத்துல வைத்திலிங்கம் மவ மணிமொழின்னுதாங்க இருக்குது. அவ விக்க மாட்டா."

"கோர்ட்டுக்குப் போனா சாகிற மட்டும் அலைவே."

"நீங்களுந்தான அலையணும்."

அவன் எழுந்துபோய், கருணாகரன் படுத்திருந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பழப்பையையும் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் அவள் கடைத்தெருவில் ஒரு பூட்டு வாங்கி வந்து, அதே நாதாங்கியில் அவன் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினாள். இனி அந்த அறையை இரண்டு பேரும் சேர்ந்து வந்தாலொழியத் திறக்க முடியாது. கருணாகரன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையை அவள் துவைக்காமல் வைத்திருந்தாள். அது அந்த அறைக் கொடியில்தான் கிடக்கிறது. தெரிந்துதான் பூட்டினாள்.