உருக்குக்குப் பழப்புளி போட்ட கதை

போன வியாழன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் கராஜுக்குள் மூன்று ஆண்கள். ஒருவர் என் கணவர் சிவநேசன். மற்ற இருவரும் அவருடைய துப்பாக்கி சுடும் கழகத்தார் — தலைவர் மன்ஃப்ரெட், அவரோடு யூர்கன். மேசையில் பூட்டிய, கைப்பிடியால் அழுத்தும் பிரஸ் ஒன்றைச் சுற்றி நின்று, செத்தவீட்டில் நிற்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடந்தது?"

"உமக்கு விளங்காது," என்றார் இவர்.

சரி... எனக்கு விளங்காததை உங்களுக்கு விளக்குகிறேன்.

ஊரில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி, ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர் இவர். இங்கே சனிக்கிழமை தோறும் சந்தா கட்டிச் சுடுகிறார்! கேட்டால், இந்த நாட்டுச் சனத்தோடு கலக்கிறாராம்.

சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் பித்தளைக் கோதை வீசுவதில்லை. அது கொஞ்சம் உப்பியிருக்கும். எண்ணெய் பூசி, 'டை' என்கிற உருக்கு அச்சுக்குள் அழுத்தி எடுத்தால் பழைய அளவுக்கு வரும். பிறகு வெடிமருந்தும் ஈயச் சன்னமும் வைத்து மறுபடியும் தோட்டா. அதற்குப் பரீட்சை, அனுமதிப் பத்திரம், பூட்டுப் போட்ட பெட்டி எல்லாம் வேண்டும். இவரிடம் எல்லாம் இருக்கிறது.

டையை எப்படிப் பராமரிப்பது என்பதுதான் தெரியாது. தெரிந்த ஆள் இதே வீட்டில்தான் இருக்கிறாள். பத்தொன்பது வருடமாக ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் உருக்கு அச்சு செய்வதுதான் என் தொழில். என்னைக் கேட்டாரா? வீடியோ பார்த்தார். முகம் தெரியாத ஆட்களிடம் இணையத்தில் கேட்டார். அதுவும் போதாமல் இந்த இருவரையும் கூப்பிட்டார்.

ஞாயிறு போட்டி. மூன்று வருடம் வாங்கில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தவருக்கு முதல் தடவையாக அணியில் இடம். துவக்கோ பழசு — அதற்குரிய தோட்டா ஓடர் பண்ணினால் வர மூன்று கிழமை. தானே செய்தால்தான் உண்டு. இப்போது டைக்குள் ஒரு கோது இறுகிவிட்டது. அதை எடுக்காவிட்டால் இவருடைய இடத்தில் யூர்கன் சுடுவார். யூர்கன்தான் மிக அதிகமாகக் கவலைப்பட்டார்.

பிரஸ் பிழை என்றார் மன்ஃப்ரெட். இந்தக் காலத்துப் பித்தளை பிழை என்றார் யூர்கன். குளிர்தான் காரணம் என்றார் இவர். மூன்று பியர்ப் போத்தல் முடிந்தது. கோது அசையவில்லை.

நான் டையைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் கறள், சிவப்புத் துரு.

"இஞ்சேருங்கோ, இதை எதால கழுவினீங்கள்?"

நல்லவேளை, மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது.

"பழப்புளி..." என்றார், மெல்ல.

கடவுளே! போன மாதம், நான் குத்துவிளக்கு விளக்குவதைப் பார்த்துவிட்டு, கோதுகளைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். தங்கம்போல மினுங்கியதாம். கழகமே வாய் பிளந்ததாம். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் டையையும் ஒரு நாள் முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்.

"அது பித்தளை. இது உருக்கு. புளி பட்டால் கறள் பிடிக்கும் எண்டு ஒரு சொல்லு என்னட்டக் கேட்டிருக்கலாமே?"

கறள் பிடித்த டை, அதற்குள் எண்ணெய் சரியாகப் பூசாத கோது. காய்ந்த மாவை இடியப்ப உரலுக்குள் போட்டுத் திருகியவர்களுக்கு இது விளங்கும்.

நான் ட்ரில்லை எடுத்தேன். "கவனம், அது மெஷின்!" என்று பதறினார் மன்ஃப்ரெட். எனக்கு வந்த கோபத்துக்கு... வேண்டாம், விடுங்கள். வெறுங்கோதுதான், மருந்தில்லை. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் ஏற்றி, நட்டை முறுக்கி இழுத்தேன். டக்கென்று வந்தது. கறளையும் தேய்த்து எடுத்தேன்.

"ஞாயிறு மட்டும் தாங்கும். பிறகு புதுசு வாங்குங்கோ. பாவிச்ச உடன துடைச்சு, மெல்லிசா எண்ணெய் பூசி வையுங்கோ. கோதுக்கும் அளவாப் பூசுங்கோ. கூடினால் கழுத்தடியில, அதின்ர தோளில பள்ளம் விழும்."

"ஓம், ஓம்."

ஞாயிறு சுட்டார். அணிக்கு இரண்டாம் இடம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. மாலை கழக மண்டபத்தில் மன்ஃப்ரெட் — கராஜில் நின்று கண்ணால் பார்த்த அதே மனுசன் — கிளாஸைத் தூக்கி, "டையை மீட்ட நம்முடைய சிவா!" என்றார்.

இவரும் நேர்மையாகத்தான், "நான் இல்லை, என் மனைவி," என்றார். மண்டபமே சிரித்தது. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று முதுகில் தட்டினார்கள். வருகிற வெள்ளி, டை பராமரிப்புப் பற்றி இவரே பேச வேண்டும் என்றும் அங்கேயே முடிவாயிற்று. இரண்டாவது தடவை இவர் மறுக்கவில்லை. ஒரு பொம்பிளை செய்ததைக் கண்ணால் பார்த்தாலும் நம்ப, ஆம்பிளைகளுக்கு இன்னும் எத்தனை சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும், "இஞ்சரும், நீரே ஒருக்கா எழுதித் தாருமன். நான் வாசிக்கிறன்," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நல்ல ஜெர்மனில், பெரிய எழுத்தில். முதல் வரி இதுதான்: "நண்பர்களே, எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் என் மனைவி, இப்போது அவர் மேடைக்கு வருவார்."

எதையும் முன்கூட்டி வாசித்துப் பார்க்கும் பழக்கம் இவருக்கு இல்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியையும் வாசிப்பதில்லை — ஆகவே வெள்ளி வரை நீங்களும் மூச்சுக் காட்டாதீர்கள்.