ஏழு ஐம்பத்திரண்டுக்குத் திரும்பிய விமானம்

கிரேஸ் செல்வராணி காலமான செய்தி மழை விட்டிருந்த ஒரு காலையில் வந்தது. வல்வெட்டித்துறையில் என் வீட்டுக் கூரையில் ஓர் ஒழுக்கை அடைப்பதற்காக ஏணியைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அழைத்தவர் கிரேஸின் தங்கை எஸ்தர்.

"கப்டன், அக்கா விடியக்காலமை மோசம் போட்டா. பெரிசா நோவொண்டும் இல்லை. சீலன் அண்ணைதான் பக்கத்திலை இருந்தவர்."

சீலன் என்ற பெயரைக் கேட்டதும் ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெயசீலன் கிரேஸின் தம்பி. கனடாவில் இருப்பவர். அவர் தன் அக்காவுடன் ஏழு ஆண்டுகள் கதைக்காமல் இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கான காரணமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாகக் கிடந்த தாயைப் பார்க்க வந்த தம்பியின் விமானத்தை அக்காவே திருப்பி அனுப்பிவிட்டார் என்று தேவாலய முற்றத்திலும் மருதனார்மடம் சந்தையிலும் பேசினார்கள். நானும் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் கதை பிழை. அதைச் சொல்வதற்குத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கும் வடக்கே எங்கள் பலாலிக்கும் இடையே பத்தொன்பது பேர் இருக்கக்கூடிய சிறிய விமானங்களை ஓட்டிய ஒரு நிறுவனத்தில் நான் விமானியாக இருந்தேன். கிரேஸ் அதன் பலாலி அலுவலகத்தில் இருந்தார். ஒரு பறப்புக்கு எவ்வளவு எண்ணெய் ஏற்றவேண்டும், வானிலை கெட்டால் எங்கே போகவேண்டும், எத்தனை மணிக்கு மேல் வானத்தில் காத்திருக்கக் கூடாது என்றெல்லாம் கணக்கிட்டு எழுதித் தருவது அவர் வேலை. எங்களுக்கு அப்போது பலாலியில் எண்ணெய் கிடைக்காது. போவதற்கும் திரும்புவதற்குமானதை இரத்மலானையிலேயே ஏற்றிவர வேண்டும். பனிமூட்டம் என்றால் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான் கீழே வரலாம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் இறங்குவோம். தெரியாவிட்டால் மேலே ஏறிவிடுவோம். திட்டம் கிரேஸுடையது, கடைசி முடிவு எப்போதும் விமானியுடையது. சட்டமும் அதுதான்.

பனி விழும் தை, மாசி மாதங்களில் அவர் மருதனார்மடத்திலிருந்து தன் ஸ்கூட்டரில் அதிகாலையிலேயே புறப்படுவார். வழியில் புன்னாலைக்கட்டுவன் தோட்டங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரத்மலானையில் இருக்கும் எனக்கு அழைப்பார். எவ்வளவு தூரத்துக்குக் கண் தெரியும் என்று வானிலை அறிக்கை மீற்றரில் சொல்வதை அவர் தோட்டத்தில் பார்த்துச் சொல்வார். "வெங்காயப் பாத்தி தெரியுது கப்டன். தண்ணி இறைக்கிற ஆளைத் தெரியேல்லை. சத்தம் மட்டும் கேக்குது. ஒரு அரை மணித்தியாலம் பிந்தி வெளிக்கிடுங்கோ." அந்த ஆள் தெரிகிறார் என்று சொன்ன நாட்களில் நான் தயக்கமில்லாமல் புறப்பட்டிருக்கிறேன்.

இத்தனை விமானங்களுக்குத் திட்டம் போட்ட கிரேஸுக்குப் பறப்பது பயம் என்பதை அறிந்தவர்கள் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் விமானத்தில் ஏறினார். புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கொழும்புக்குப் போவதென்றால் ரயில்தான். "நான் கணக்குப் போட்டதெல்லாம் சரிதான். அதுக்குள்ளை நான் இருக்கோணுமெண்டு ஒரு சட்டமும் இல்லையே," என்பார்.

அவருடன் வேலை செய்வது இலகு இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் தாளம் கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்வாராம். அலுவலகத்திலும் அதே ஆள்தான். ஒருமுறை அளவெட்டியைச் சேர்ந்த ஒரு நாதஸ்வரக் குழு கொழும்புக் கோயிலொன்றில் வாசித்துவிட்டு என் விமானத்தில் ஊர் திரும்ப இருந்தது. மறுநாள் அவர்களுக்கு ஒரு கல்யாணம். எல்லாத் தவில்களையும் ஏற்றினால் பாரம் கூடிவிடும். கொஞ்சம் எண்ணெயைக் குறைத்தால் ஏற்றலாம். நான் குறைக்கப் பார்த்தேன். கிரேஸ் தொலைபேசியில் மறுத்துவிட்டார்.

"வானம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு, கிரேஸ்."

"இப்ப கிடக்கு. நீங்கள் வந்து சேர ஒண்டேகால் மணித்தியாலம் கிடக்கு."

எனக்குக் கோபம். நான் கடலோடிக் குடும்பத்தவன், வானத்தைப் பார்த்து வளர்ந்தவன் என்று ஏதோ பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்கடை ஆக்கள் காத்து விழுந்தால் நடுக்கடலிலை பாயை இறக்கிப்போட்டுப் படுத்திருக்கலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, கப்டன்." இரண்டு தவில்கள் பஸ்ஸில் போயின. பலாலியில் நான் இறங்கியபோது ஒரு துளிப் பனியும் இல்லை. அலுவலகத்துக்குள் போய், "எங்கை உங்கடை பனி?" என்று கேட்டேன். "இண்டைக்கு வரேல்லை. நல்லதுதானே," என்றபடி பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். தான் சொன்னது பலிக்கவில்லை என்ற வருத்தம் அவரிடம் துளியும் இல்லை. அது எனக்கு அன்று விளங்கவில்லை.

இனி அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன். கிரேஸின் தாயார், மிஷன் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் இருந்தார். எஸ்தர் பக்கத்தில் இருந்தார். கனடாவிலிருந்து முதல்நாள் கொழும்பில் வந்திறங்கிய ஜெயசீலன் என் விமானத்தில் வர இருந்தார். கிரேஸ் வழக்கம்போல வழியிலிருந்து அழைத்தார்.

"தோட்டம் முழுக்கத் தெரியுது. ஆனாலும் காத்து ஒரு பொட்டும் இல்லை, பிறகு பனி விழுந்தாலும் விழும், அதுதான் யோசனை. இருபது நிமிஷம் சுத்தி நிக்கக்கூடிய எண்ணெய் கூடுதலாப் போட்டிருக்கிறன். ஏழு ஐம்பத்திரண்டு உங்கடை கடைசி நேரம்." பிறகு குரல் தாழ்ந்தது. "அம்மா மத்தியானம் வரைக்கும் தாங்கமாட்டா எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். சீலன் உங்களோடை வாறான்."

"நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கோவன்."

"அம்மாவோடை எஸ்தர் நிக்கிறாள். உங்களுக்கு இஞ்சை ஆர் நிக்கிறது?"

சூரியன் எழுந்த பிறகுதான் பனி விழுந்தது. நான் குடாநாட்டுக்கு மேல் வந்தபோது கீழே வெள்ளை விரித்துக் கிடந்தது. பனைகளின் தலைகள் மட்டும் ஆங்காங்கே தெரிந்தன. முதல் முறை இறங்கிப் பார்த்தேன், ஓடுபாதை தெரியவில்லை. சுற்றி வந்து இரண்டாம் முறை இறங்கினேன். விளக்குகள் ஒரு கணம் மங்கலாகத் தெரிந்து மறைந்தன. ஏறிவிட்டேன். நேரம் ஏழு நாற்பத்தெட்டு. வானொலியில் கிரேஸை அழைத்தேன்.

"இன்னும் பத்து நிமிஷம் நிண்டு பாக்கிறன். சீலன் உள்ளை இருக்கிறார்."

"தெரியும். சேமிப்பு எண்ணெயிலை கை வைக்கப் போறியளோ?"

"பத்து நிமிஷம்தானே, கிரேஸ்."

"திருகோணமலையிலை மழை, அங்கை போகேலாது. இரத்மலானைக்குத்தான் போகவேணும்." பிறகு கேட்டார். "கப்டன், உள்ளை என்ரை தம்பி இல்லையெண்டால் என்ன செய்வியள்?"

"திரும்பியிருப்பன்."

ஏழு ஐம்பத்திரண்டுக்கு நான் விமானத்தைத் தெற்கே திருப்பினேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் குரல் மறுபடியும் வந்தது. "கப்டன், பனி எழும்புது. ஓடுபாதையின்ரை கிழக்குப் பக்கம் முழுக்கத் தெரியுது. மேற்குப் பக்கம் இன்னும் மூடியிருக்கு." திரும்பி வரட்டுமா என்று கேட்டேன். எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "திரும்பி வந்தால் சேமிப்பிலை பாதி போயிடும். பிறகும் பனி படுத்தால் உங்களுக்குப் போறதுக்கு ஒழுங்கான இடமில்லை. உள்ளதைச் சொல்லிப்போட்டன். முடிவு உங்கடை."

பனி எழும்புவதை அவர் என்னிடம் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் எங்கள் இருவருக்குமே அந்த வேதனை இல்லை. வா என்றும் சொல்லியிருக்கலாம், அம்மாவுக்காக. இரண்டையும் அவர் செய்யவில்லை. என் கை திரும்பத்தான் பார்த்தது. பின்னால் பதினேழு பேர் இருந்தார்கள். நான் நேரே போனேன். அன்று பனி திரும்பப் படுக்கவில்லை. எட்டேகாலுக்குப் பலாலி வானம் முழுதாய் வெளித்துவிட்டதாம்.

இரத்மலானையில் இறங்கியதும் ஜெயசீலன் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "பலாலியிலை பனி இல்லையாம், எஸ்தர் சொல்லுறாள். ஏன் திரும்பினனீங்கள்?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "உங்கடை அக்காதான் திரும்பச் சொன்னவா," என்றேன்.

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை காலம் நின்று பிடித்தது. திருப்பியவன் நான். திருப்பியது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு மகனின் கோபத்துக்கு முன்னால் நிற்கப் பயந்து, அந்தக் கோபத்தை அங்கே இல்லாத ஒரு பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டேன்.

எண்ணெய் நிரப்பிக்கொண்டு மறுபடியும் புறப்பட்டுப் பதினொன்றரைக்குப் பலாலியில் இறங்கினேன். கிரேஸ் வெயிலில் விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தாயார் பத்து மணிக்கே போய்விட்டார். செய்தி அவருக்கு அலுவலகத்துக்கு வந்தது. அதைக் கேட்ட பிறகும் இருந்து எங்கள் இரண்டாவது பறப்பின் வேலையைப் பார்த்திருக்கிறார். படியில் இறங்கிய தம்பியிடம் அவரே சொன்னார். "சீலன், அம்மா போட்டா."

"நீங்கள் அம்மாவோடை நிக்கேல்லையோ?"

"இல்லை. இஞ்சைதான் நிண்டனான்."

ஜெயசீலன் அவரைக் கடந்து வாசல் பக்கம் நடந்தார். கிரேஸ் என்னிடம் திரும்பி, வழமைபோல மிச்சம் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் நானே தொடங்கினேன். பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே என்றேன். "அந்தப் பன்னிரண்டு நிமிஷம் எட்டு நாலுக்குத்தான் தெரியும், கப்டன். ஏழு ஐம்பத்திரண்டுக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார். பிறகு, "விடிய, மனம் ஆறுதலா இருக்கேக்கை எழுதின நேரம் அது. பதகளிப்பிலை அதை மாத்தக்கூடாது," என்றார். நான் அவர் தம்பியிடம் சொன்னதை அவர் அறிந்திருந்தாரா? அறிந்துதான் இருந்திருப்பார். ஊர் முழுக்க அதுதானே பேச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் சொல்லலாம், அடுத்த வருடம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு நான் ஓய்வு பெற்றேன். அவரும் ஓய்வு பெற்றார்.

அவருக்கு நோய் முற்றியபோது எஸ்தர் கனடாவுக்கு அறிவித்தார். ஜெயசீலன் வந்தார். மூன்று வாரம் அக்காவின் கட்டிலருகே இருந்து, கஞ்சி காய்ச்சி, கரண்டியால் ஊட்டினாராம். நான் ஒருமுறை போனேன். வாசலில் ஜெயசீலனின் செருப்பைக் கண்டுவிட்டு, பத்து நிமிடம் இருந்து பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்த பின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜெயசீலனைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்.

"கிரேஸ் அக்காவுக்கு இது தெரியுமோ? நீங்கள் என்னட்டைச் சொன்னது?"

"தெரிஞ்சிருக்கும்."

"நானும் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. கோபத்தை விட்டிட்டன் எண்டு மட்டும் சொன்னனான். அவ என்ரை கையைப் பிடிச்சவா." பாதைப் பக்கம் திரும்பினார். "அந்த மூண்டு கிழமைக்குள்ளை வந்து சொல்லியிருந்தால் நான் அவவிட்டை மன்னிப்புக் கேட்டிருப்பன், கப்டன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எஸ்தர் கூப்பிட்டார், போய்விட்டார்.

கிரேஸிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய குரலை. "தோட்டம் தெரியுது" என்பதையும் "பனி எழும்புது" என்பதையும் அவர் ஒரே குரலில் சொன்னார். தனக்கு நோகும் செய்தியைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல அவருக்கு வரவில்லை. அந்தக் குரலில் ஒரு முறையாவது பேசிப் பார்க்கவேண்டும் என்று இந்த வயதில் முயல்கிறேன். பிந்திவிட்டது, தெரியும்.

கிரேஸை அறிந்தவர்களே, அன்று காலை பலாலிக்கு மேலிருந்து விமானத்தைத் திருப்பியவன் நான். அவர் எனக்கு உள்ளதைச் சொன்னார்.