வாலை இறக்கிப் பார்த்த நாள்

1. லொறியில் வந்த விமானம்

மரியதாஸ் அண்ணையின் விமானம் எங்கள் விமானக் கொட்டகையான ஹாங்கருக்குப் பறந்து வரவில்லை, லொறியில் வந்தது. உடல் ஒரு லொறியில், கழற்றிய இறக்கைகள் இரண்டும் பழைய மெத்தைகளுக்கு நடுவே கட்டப்பட்டு இன்னொரு லொறியில். இரண்டுமே அவருடைய சொந்த லொறிகள். மெல்பேர்ணின் மேற்குப் புறநகரான ட்ருகனினாவில் களஞ்சியங்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் அவருக்கு. மன்னாரில் பிறந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார்.

அது 2010 ஓகஸ்ட், அவுஸ்திரேலியாவில் குளிர்காலம். மெல்பேர்ணின் தென்கிழக்கில், சிறு விமானங்கள் மட்டும் ஏறி இறங்கும் ஒரு தளத்தில் எங்கள் வேலைத்தலம் இருந்தது. முதலாளி கிரஹம். அவருக்கு அடுத்தபடியாகக் கையெழுத்துப் போடும் உரிமை உள்ள எஞ்சினியர் நான். பதின்ம வயதில் அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் இதே தொழிலில் அப்ரென்டிசாகச் சேர்ந்து, படிப்படியாக லைசென்ஸ் எடுத்தேன். ஒரு விமானத்தை நான் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கலாம். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அதிகாரம் இல்லை, பெரிய பாரமும் இல்லை.

லொறியிலிருந்து குதித்து இறங்கிய மரியதாஸ் அண்ணை விமானத்தின் மூக்கைத் தட்டிக் காட்டினார்.

"வீம்மராப் பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையிலை வாங்கினனான், தங்கச்சி. இவ்வளவு வருசமும் ஷெட்டுக்குள்ளைதான் நிண்டது. மழைத்துளி படேல்லை. பெயின்ற் அடிச்சு, சீற்றை மாத்தினால் சரி. ஈஸ்டருக்கு இதிலை மில்டுரா போகோணும்."

மில்டுராவில் அவருடைய மகள் நேர்ஸாக வேலை செய்தாள். அடுத்த மார்ச்சில் அவளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. காரில் போனால் பகலில் பாதி றோட்டிலேயே போய்விடும். விமானத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் இறங்கிவிடலாம். அதற்காகத்தான் நான்கு பேர் இருக்கக்கூடிய, அறுபதுகளில் செய்யப்பட்ட அந்த ஒற்றை எஞ்சின் விமானத்தை வாங்கியிருந்தார்.

"பெயின்ற் கடைசியிலை அண்ணை," என்றேன். "முதல்லை உள்ளை என்ன கிடக்கெண்டு பாப்பம்."

2. சீலைத்துண்டு

தரையின் பலகைகளையும் வாலின் மூடிகளையும் கழற்றியதும் எலிக்கூடு வந்தது. ஒன்றல்ல, வால் நெடுகக் கூடுகள். வைக்கோல், கிழிந்த சீற் பஞ்சு, கோதுமை உமி. எலியைப் பற்றிப் பயமில்லை. எலி மூத்திரம்தான் எங்களுக்கு எதிரி. அது அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும். கூட்டை அகற்றிக் கழுவியபோது அடியில் இருந்த தகடு வெண்பொடியாக உதிர்ந்தது. இரண்டு இடங்களில் ஸ்குரூ டிரைவர் நுனி தகட்டைத் துளைத்து மறுபக்கம் போனது.

மரியதாஸ் அண்ணை சனிக்கிழமைகளில் வந்து பார்ப்பார். ஒவ்வொரு முறையும் விமானம் முன்னையதைவிடக் கூடுதலாகக் கழன்று கிடக்கும். ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார்.

"வெளியாலை பாக்க வடிவாத்தானே கிடக்கு. நீங்கள் கழட்டக் கழட்டத்தானே பிழை வருது, பிள்ளை."

நான் அவர் கையில் ஒரு பழைய பருத்திச் சீலைத்துண்டைக் கொடுத்தேன். விமானத்தின் வாலைத் திருப்பும் கம்பிக் கயிறு உடலின் உள்ளே நெடுகப் போகிறது. "இந்தக் கயித்தைச் சீலையாலை சுத்திப் பிடிச்சு, மெதுவா இழுத்துக்கொண்டு போங்கோ," என்றேன்.

அவர் இழுத்துக்கொண்டே போனார். கயிறு கப்பியைச் சுற்றி வளையும் இடத்தில் சீலை சிக்கி நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தபோது சர்ரென்று கிழிந்தது. கயிற்றின் மெல்லிய இழைகள் அங்கே அறுந்து முள்ளாக நின்றன. கப்பி மறைத்துக்கொண்டிருந்ததால் கண்ணுக்குத் தெரியாத இடம்.

அவர் கிழிந்த சீலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பறக்கேக்கை அறுந்தால்?" என்று கேட்டார். லொறி வைத்திருப்பவருக்கு அதற்குப் பதில் தேவையில்லை.

அதன் பிறகு அவர் அவசரப்படுத்தவில்லை. சனிக்கிழமைகளில் பழைய சட்டையோடு வந்து, நான் காட்டும் இடத்தைத் துடைத்துத் தந்தார். கயிறுகள் எல்லாம் புதிதாகப் போட்டோம். அரித்துப்போன தகடுகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடுகளை றிவெற் ஆணிகளால் அடித்தோம். பெற்றோல் தாங்கிக்குக் காற்றுப் போகும் குழாயில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது, அதையும் குத்தி எடுத்தோம். எஞ்சின் தனியாகப் போய்ப் பிரிக்கப்பட்டு, புதிதாக்கப்பட்டுத் திரும்பி வந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் பெயின்ற். வெள்ளை உடல், ஓரத்தில் கடல்நீலக் கோடு. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவருடைய மனைவி பிலோமினா அக்கா.

மார்ச்சில் சோதனைப் பறப்பு நடந்தது. குறை ஒன்றும் இல்லை. அதே மாதம் மில்டுராவில் பேத்தியும் பிறந்தாள்.

3. ஓடுபாதையில் ஒரு இருமல்

ஹாங்கரில் அடுத்த விமானத்துக்கு இடம் வேண்டியிருந்ததால், மரியதாஸ் அண்ணையின் விமானத்தை வெளியே புல்தரையில் கட்டினோம். ஏப்ரலில் ஒரு கிழமை முழுக்க மழை. மழை விட்ட காலையில் அவர் தனியாக ஒரு சுற்றுப் பறக்க வந்தார். பறக்க முதல் ஒவ்வொரு விமானியும் செய்வதுபோல, இறக்கைக்கு அடியில் உள்ள வடிகாலைத் திறந்து பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தார். விமானப் பெற்றோல் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தனியாக நிற்கும். இரண்டு இறக்கையிலும் சுத்தமான நீலம்தான் வந்தது.

நான் ஹாங்கர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் ஓடுபாதையில் வேகம் பிடித்தது. மூக்கு மேலே எழும்பத் தொடங்கிய அந்தக் கணத்தில் எஞ்சின் இருமியது. ஒன்று, இரண்டு, பிறகு சத்தமே இல்லாத ஒரு இடைவெளி. அவர் உடனே சக்தியைக் குறைத்து மூக்கை இறக்கிவிட்டார். விமானம் ஓடுபாதையின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அந்தப் பக்கம் வேலிக்கு அப்பால் பெரிய றோட்டும் வீடுகளும்.

அவர் விமானத்தைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தபோது எஞ்சின் எதுவும் நடக்காததுபோல ஓடியது. இறங்கி வந்து, "நான் ஒண்டும் செய்யேல்லை, தங்கச்சி," என்றார்.

"செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறியள்," என்றேன். "இன்னும் ரெண்டு செக்கன் யோசிச்சிருந்தால் வேலிக்கு மேலை போயிருப்பியள்."

எஞ்சினுக்கு முன்னால் உள்ள பெற்றோல் வடிகட்டியைத் திறந்தேன். அடியில் தண்ணீர் இருந்தது, ஒரு தேக்கரண்டி வரும். இறக்கை வடிகால்களை மறுபடி திறந்து பிடித்தேன். மறுபடியும் சுத்தமான நீலம்.

கிரஹம் பார்த்துவிட்டு, "குளிர்ந்த இரவில் தாங்கிக்குள் பனி ஈரம் படிந்திருக்கும். வடித்துவிட்டாய் அல்லவா? எஞ்சினை ஓட்டிப் பார், ஓடினால் விட்டுவிடு," என்றார். அது மடத்தனமான பேச்சு அல்ல. அப்படி நடப்பதுண்டு. எஞ்சினை முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினேன், ஒரு தடவையும் பிசகவில்லை.

ஆனால் பனி ஈரம் ஒரு தேக்கரண்டி வராது.

4. கையெழுத்து

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் காலை மரியதாஸ் அண்ணை காரில் வந்து இறங்கினார். பிலோமினா அக்காவும் வந்திருந்தா. காரின் பின்பக்கத்தில் பெட்டிகள், குழந்தைக்கு வாங்கிய தொட்டில், பலகாரச் சாமான்கள்.

"எஞ்சின் ஓடுது எண்டு கிரஹம் சொன்னார்," என்றார் அண்ணை. "கையெழுத்துப் போட்டால் வெளிக்கிடலாம்."

"போடமாட்டன் அண்ணை."

"ஏன்?"

"அந்தத் தண்ணி எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

"வடிச்சிட்டியள்தானே. மூண்டு தரம் பாத்தாச்சு. சுத்தமாத்தானே வருது."

"அதுதான் பிழை. எஞ்சினுக்குத் தண்ணி வந்திருக்கு, வடிகாலுக்கு வரேல்லை. அப்ப உள்ளை எங்கையோ நிக்குது."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. கிரஹமிடம் திரும்பினார். கிரஹமும் கையெழுத்துப் போடலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "இது அவளுடைய விமானம். அவள் என்ன செய்யச் சொல்கிறாளோ அதைச் செய்வோம்," என்றார்.

எஞ்சின் இருமிய நாளிலிருந்து நான் ஒரே கேள்வியைத்தான் யோசித்தேன். சோதனைப் பறப்பில் வராத பிழை இப்போது ஏன் வந்தது? இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: விமானம் முதல்முறையாக மழையில் நின்றது. அத்தனை வருடம் ஷெட்டுக்குள் நின்றதால் மழைக்கு அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

அவர்கள் பார்த்து நிற்க, ஏணி வைத்து இறக்கையின் மேல் ஏறினேன். பெற்றோல் ஊற்றும் வாயின் மூடி இறக்கையோடு சமமாக, ஒரு சிறு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி, பள்ளம் வெறுமையானது. மூடியின் ரப்பர் வளையத்தை நாங்கள் புதிதாகத்தான் போட்டிருந்தோம். அது உட்காரும் உலோக விளிம்பில் ஊசிமுனை அளவு அரிப்புக் குழிகள் இருந்தன.

வந்த வழி தெரிந்தது. நிற்கும் இடம் இன்னும் தெரியவில்லை. இந்த விமானத்தின் பெற்றோல் தாங்கி தகரத்தால் செய்தது அல்ல. இறக்கைக்குள் கிளிப்புகளில் மாட்டி விரித்துவைத்த ரப்பர்ப் பை அது. மூடியைத் திறந்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் தரையைத் தடவினேன். முன்பக்கம், ரோச் வெளிச்சம் போகாத இடத்தில், ரப்பர் ஒரு மடிப்பாக எழும்பி நின்றது. வருடக்கணக்கில் வறண்டு சுருங்கிய பை கிளிப்பை விட்டுக் கழன்றிருந்தது. மார்ச்சுக்கு முதல் நாங்கள் காற்றடித்துச் சோதித்தபோது பை ஒழுகவில்லை. மடிப்பு ஒழுகாது, தண்ணீரை மறித்துத்தான் வைக்கும்.

கீழே இறங்கி, "வாலை அமத்துவம்," என்றேன்.

கிரஹம் வாலைப் பிடித்துத் தரைவரை அமுக்கினார். விமானத்தின் மூக்கு, பறக்க எழும்புவதுபோல மேலே போனது. மரியதாஸ் அண்ணையை இறக்கையின் நுனியில் நிறுத்தி, மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். நான் வடிகாலுக்கு அடியில் பெரிய கண்ணாடிப் போத்தலோடு குந்தியிருந்தேன். முதலில் நீலம் வந்தது. அவர் ஆட்ட ஆட்ட, நிறமில்லாமல் வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. போத்தலில் பாதிக்குமேல் தண்ணீர், அதன் மேல் மெல்லிய நீலப் படலம்.

மரியதாஸ் அண்ணை வந்து போத்தலைக் கையில் வாங்கினார். எப்படி என்று கேட்கவில்லை. அவரே விளங்கிக்கொண்டார். "வயல் வரம்பு மாதிரி மறிச்சு வைச்சிருக்கு," என்றார். "நான் மூக்கைத் தூக்கேக்கை வரம்பு உடையுது."

பிலோமினா அக்கா அதுவரை காருக்குப் பக்கத்தில் நின்றவ. கிட்ட வந்து போத்தலைப் பார்த்தா. "இவ்வளவும் எஞ்சினுக்குப் போயிருந்தால் என்ன நடக்கும்?" என்று என்னைக் கேட்டா.

"நிண்டிடும் அக்கா. திரும்ப ஓடாது."

அவ கணவரைப் பார்த்து, "காரிலை போவம். இப்ப வெளிக்கிட்டால் இருட்ட முதல் போயிடலாம்," என்றா. அவரும் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

5. பின் சீற்

இரண்டு ரப்பர்ப் பைகளையும் வெளியே எடுத்தோம். மற்ற இறக்கையிலும் ஒரு மடிப்பு இருந்தது, இதைவிடச் சின்னது. புதுப் பைகள் போட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் கையால் இழுத்துப் பார்த்தேன். தரையைத் தடவி, மடிப்பில்லை என்று உறுதி செய்தேன். பள்ளத்துக்குள் உட்காரும் மூடிகளுக்குப் பதிலாக, மழை வழிந்தோடும்படி மேலே தூக்கி நிற்கும் மூடிகள் பொருத்தினோம். வேண்டுமென்றே இன்னொரு மழைக் கிழமை முழுக்க விமானத்தை வெளியே விட்டேன். பிறகு வாலை இறக்கி, இறக்கையை ஆட்டி, வடித்துப் பார்த்தேன். நீலம் மட்டும்தான் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வேலைத்தலத்துக்கு வரும் ரப்பர்த் தாங்கி விமானம் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும் என்று கிரஹம் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

ஜூலையில் ஒரு தெளிந்த காலை, அவர்கள் மில்டுராவுக்குக் கிளம்பினார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையை மூடினேன். பிலோமினா அக்கா ஏறாமல் கதவடியில் நின்றா.

"நீங்கள் இண்டைக்கு லீவு போடலாமோ?" என்று கேட்டா.

"ஏன் அக்கா?"

"கையெழுத்துப் போட்ட ஆள் பின்னாலை இருந்தால் எனக்குப் பயமில்லை."

கிரஹமைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

பின் சீற்றில் ஏறிப் பெல்ற்றைப் போட்டேன். விமானம் ஓடுபாதையில் வேகம் பிடித்தது. மூக்கு எழும்பும் இடத்தில் எனக்கு முன்னால் இருந்த பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தா. எஞ்சின் ஒரே குரலில் முழங்கியது. வேலி கீழே போனது, றோட்டுப் போனது, வீடுகளின் கூரைகள் போயின. அவ திரும்பி முன்னால் பார்த்து இருந்துவிட்டா. அதன் பிறகு மில்டுரா போய்ச் சேரும்வரை பேத்தியின் கதைதான்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வடிகால் சுத்தமாக வந்தால், வடிகால் சுத்தம் என்று மட்டும்தான் அர்த்தம். பழைய விமானத்தைத் தரையில் நிற்கும் நிலையில் மட்டும் பார்க்காதீர்கள், அது பறக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள். காரணம் தெரியாமல் நின்றுபோன பிழை, நின்றுபோன பிழை அல்ல. காரணம் தெரியும்வரை பேனையை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால், அந்த விமானத்தில் ஏறச் சொல்லி யார் கேட்டாலும் யோசிக்காமல் ஏறக்கூடியவர்களாக இருங்கள்.